மின்சார ஸ்கூட்டர்: முதல் எழுபது நாள்

கடந்த ஆவணியில், விநாயகர் சதுர்த்தி முடிந்த வாரத்தில், பன்னிரண்டு ஆண்டுகளாக ஓட்டிவந்த பெட்ரோல் ஸ்கூட்டரைக் கொடுத்துவிட்டு மின்சார ஸ்கூட்டர் ஒன்றை வாங்கினேன். இதை எழுதும்போது அதன் திரை 1,912 கிலோமீட்டர் என்று காட்டுகிறது. பள்ளியில் உடன் வேலை பார்ப்பவர்கள், மாணவர்களின் பெற்றோர்கள், சிக்னலில் பக்கத்தில் வந்து நிற்கும் முன்பின் தெரியாதவர்கள் என்று இந்த எழுபது நாளில் நாற்பது பேராவது வண்டியைப் பற்றி விசாரித்திருப்பார்கள். எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: "ஒரு தடவை சார்ஜ் போட்டா எத்தனை கிலோமீட்டர் ஓடும்?" அதற்கான விடையைப் பின்னால் சொல்கிறேன். வாங்குவதற்கு முன் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. அது எது என்பது வண்டி வீட்டுக்கு வந்த முதல் இரவே எனக்குத் தெரிந்துபோயிற்று.

எங்கள் வீடு சேலம் அம்மாபேட்டையில் இருக்கிறது. கருப்பூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறேன். ஒரு வழிக்கு 14 கிலோமீட்டர். கடைவீதி, மருத்துவமனை, உறவினர் வீடு எல்லாம் சேர்த்தால் மாதம் ஏறக்குறைய 800 கிலோமீட்டர் ஓட்டுகிறேன். பழைய வண்டி லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுத்தது. ஆனித் திருமஞ்சனம் முடிந்ததிலிருந்தே புது வண்டி எடுக்க வேண்டும் என்று பேச்சு நடந்தாலும், ஆடியில் வண்டி எடுக்க மாமியார் ஒப்பவில்லை. அந்த ஒரு மாதமும் விளம்பரங்களையும் யூடியூப் காணொளிகளையும் பார்த்துப் பார்த்து, கடைசியில் கடைக்குப் போனபோது விற்பனையாளரைவிட எனக்கே அதிகம் தெரியும் என்ற நினைப்பில் இருந்தேன்.

எந்த நிறுவனத்தின் வண்டி என்று எழுதப் போவதில்லை. எழுதினால் இது விளம்பரமாகவோ புகார் மனுவாகவோ படிக்கப்படும். நம் ஊர்க்காரர்களுக்கு இதில் ஒரு தனி உரிமை உண்டு என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஏத்தர், டிவிஎஸ் ஆகியவற்றின் மின் ஸ்கூட்டர்கள் ஓசூரில் உருவாகின்றன. ஓலாவின் ஆலை கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளியில் இருக்கிறது. ஆம்பியர் வண்டிகள் இராணிப்பேட்டையில் தயாராகின்றன. நாட்டின் எந்த மூலையில் இந்த வண்டியைப் பார்த்தாலும், அது நம் பக்கத்து ஊரிலிருந்து போனதாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

என் வண்டியின் பேட்டரி 3 கிலோவாட் மணி கொள்ளளவு உடையது, அதாவது வீட்டுக் கணக்கில் 3 யூனிட். ஒன்றிய அரசின் பிஎம் இ-டிரைவ் திட்டத்தில் ஒரு கிலோவாட் மணிக்கு 2,500 ரூபாய் வீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் மானியம் கிடைத்தது. முந்தைய ஃபேம் திட்டம் 2021-இல் ஒரு கிலோவாட் மணிக்கு 15,000 ரூபாய் கொடுத்ததை நினைத்தால் இது மிச்சம்மீதிதான். அதற்கும் ஆதார் சரிபார்ப்பு, கடையிலேயே நின்று எடுக்கும் முகப்படம் என்று அரை மணி நேரம் போயிற்று. வெயிலில் வியர்த்து, கண்ணை மூடியபடி இருக்கும் அந்தப் படம் அரசாங்கத்தின் கோப்பில் என்றென்றைக்கும் இருக்கும். ஜிஎஸ்டி 5 சதவீதம். சாலை வரி கிடையாது. எல்லாம் சேர்த்துக் கையை விட்டுப் போனது ஒரு லட்சத்து இருபத்தெட்டாயிரம் ரூபாய். அதே வசதியுள்ள பெட்ரோல் ஸ்கூட்டரைவிட இருபத்தைந்தாயிரம் அதிகம்.

கோட்டை மாரியம்மன் கோயில் வாசலில் பூசை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி, வீட்டுக்குக் கொண்டுவந்தோம். இரவு உணவு முடிந்து, கூடத்து ஓரத்தில் இஸ்திரிப் பெட்டிக்காக இருந்த பிளக் பாயிண்ட்டில் சார்ஜரைச் சொருகினேன். பச்சை விளக்கு வர வேண்டிய இடத்தில் சிவப்பு விளக்கு மூன்று முறை மின்னியது, நின்றது, மறுபடியும் மூன்று முறை மின்னியது. வேறு பாயிண்ட்டில் போட்டாலும் அதே சிவப்பு. கையேட்டைப் புரட்டியபோது, மூன்று முறை மின்னினால் எர்த் இணைப்பைச் சரிபார்க்கவும் என்று இருந்தது. ஒன்றேகால் லட்சம் ரூபாய் வண்டி, வந்த முதல் இரவே பட்டினியாக நின்றது.

மறுநாள் காலையில் எங்கள் தெருவுக்கே முப்பது ஆண்டுகளாக வயரிங் வேலை பார்க்கும் அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் வண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பையிலிருந்து டெஸ்ட் லேம்ப்பை எடுத்தார். அது ஒரு ஹோல்டர், அதில் 100 வாட் குண்டு பல்பு, இரண்டு வயர், அவ்வளவுதான். வயர்களைப் பிளக் பாயிண்ட்டின் கீழ்த்துளைகளில், அதாவது மின்சாரம் வரும் ஃபேஸிலும் அது திரும்பிப் போகும் நியூட்ரலிலும், வைத்தார். பல்பு பளிச்சென்று எரிந்தது. ஒரு வயரை நியூட்ரலிலிருந்து எடுத்து மேலே உள்ள பெரிய துளையில், அதாவது எர்த்தில், வைத்தார். பல்புக்குள் இருக்கும் இழை மட்டும் வாடிய செம்பருத்தியின் நிறத்தில் சிவந்தது. வெளிச்சம் என்று சொல்ல முடியாது. எர்த் சரியாக இருந்தால் முன்போலவே பளிச்சென்று எரிந்திருக்க வேண்டும். அதை என்னிடம் தூக்கிக் காட்டிவிட்டு, "டீச்சர், வண்டி நல்லாத்தான் இருக்குது. வீடுதான் ரிப்பேரு" என்றார்.

எங்கள் வீடு 1988-இல் மாமனார் கட்டியது. பின்கட்டில் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் எர்த் குழி இருந்தது. ஒவ்வொரு கோடையிலும் அவர் அந்தக் குழியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுவார் என்றும், எதற்கென்று தான் ஒருநாளும் கேட்டதில்லை என்றும் மாமியார் சொன்னார். மண் ஈரமாக இருந்தால்தான் கசியும் மின்சாரம் பூமிக்குள் எளிதாக இறங்கும். அவர் போன பிறகு யாரும் ஊற்றவில்லை. சில ஆண்டுகள் கழித்துப் பின்கட்டுக்குச் சிமெண்ட் தளம் போட்டபோது குழியையும் சேர்த்து மூடிவிட்டோம். இப்போது தளத்தை உடைத்துப் பார்த்தால், குழாயின் தலைப்பகுதி துருவேறி, கையால் தொட்டதும் ரவா லட்டு போல உதிர்ந்தது. எர்த் வயர் எதனோடும் சேராமல் தனியாகக் கிடந்தது. பள்ளியில் ஆண்டுதோறும் கரும்பலகையில் படம் போட்டு எர்த்தின் பயனை விளக்குகிறவள் நான். என் வீட்டு ஃப்ரிட்ஜும் கிரைண்டரும் வாஷிங் மெஷினும் எத்தனை ஆண்டுகளாக அந்த இணைப்பு இல்லாமல் ஓடின என்று எனக்கே தெரியாது. ஈரக்கையோடு வாஷிங் மெஷினைத் தொட்டால் லேசாகச் சுருக்கென்கிறது என்று மாமியார் சொன்னதை, வயதானவர்களின் நரம்புத் தளர்ச்சி என்று நாங்கள் தட்டிக் கழித்திருக்கிறோம்.

புதிய குழி தோண்டி, எட்டடி ஜிஐ குழாயை நட்டு, சுற்றிலும் அடுப்புக்கரியும் கல்லுப்பும் மாறி மாறிப் போட்டு நிரப்பினார்கள். வாசல் தாழ்வாரத்தில் சார்ஜருக்கென்று தனி வயர் இழுத்து, 16 ஆம்பியர் பாயிண்ட்டும், மின்னோட்டம் அளவை மீறினால் தானே அணைந்துவிடும் எம்சிபி சுவிட்ச் ஒன்றும் வைத்தார்கள். கூடவே மெயின் போர்டில் ஆர்சிசிபி ஒன்றும் பொருத்தப்பட்டது. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கண்ணிமைப்பதற்குள் இணைப்பைத் துண்டித்துவிடும் கருவி அது. எல்லாவற்றுக்கும் 6,500 ரூபாய் ஆனது. சார்ஜர் இழுப்பது 750 வாட்தான், இஸ்திரிப் பெட்டியே அதைவிட அதிகம் இழுக்குமே, இதற்கு எதற்கு 16 ஆம்பியர் பாயிண்ட் என்று நான் வாதாடிப் பார்த்தேன். இஸ்திரிப் பெட்டி பத்து நிமிடம் ஓடும், இது இரவு நாலரை மணி நேரம் விடாமல் ஓடும், பழைய 5 ஆம்பியர் பாயிண்ட்டில் பித்தளை இதழ்கள் தளர்ந்திருந்தால் அவ்வளவு நேரத்தில் சூடேறிப் பிளாஸ்டிக் உருகிவிடும் என்றார் அண்ணன். பாடப்புத்தகத்தில் மின்தடையும் வெப்பமும் என்று நான் நடத்துவது இதைத்தான்.

பெட்ரோல் வண்டி வாங்கினால் வண்டி மட்டும் வீட்டுக்கு வரும். எரிபொருள் தொடர்பான அத்தனை பொறுப்பும் பங்க்கிலேயே நின்றுவிடும். மின்சார வண்டியில் பாதி வண்டி வீட்டுச் சுவருக்குள் இருக்கிறது. மீட்டர், வயர், எர்த், ஆறு மணிக்கு மேல் குறையும் வோல்டேஜ், வண்டி நிறுத்தும் இடத்துக்கும் பாயிண்ட்டுக்கும் இடையிலான தூரம் எல்லாமே வண்டியின் உறுப்புகளாகிவிடுகின்றன. மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருப்பவர், கீழே வண்டி நிறுத்துமிடத்தில் தனி மீட்டரோடு ஒரு பாயிண்ட் வைக்க வீட்டுக்காரர் சம்மதிக்காவிட்டால், இந்த வண்டியை வாங்குவதில் பொருளில்லை. இதைக் கடையில் யாரும் சொல்வதில்லை. நிறத்தைப் பற்றியும் திரையைப் பற்றியும் முக்கால் மணி நேரம் பேசிய அந்த இளைஞர், உங்கள் வீட்டில் எர்த் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அண்ணனுக்கு ஒரு நாள் முன்னதாகவே வேலை கிடைத்திருக்கும்.

தாழ்வாரத்தில் பாயிண்ட் வைத்ததற்கு இன்னொரு காரணம் மாமியாரின் அச்சம். 2022 மார்ச்சில் வேலூரில் இரவு வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்வண்டி தீப்பிடித்து, புகையில் மூச்சுத் திணறி ஒரு தந்தையும் மகளும் இறந்த செய்தி அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்த அச்சத்தை நான் மறுக்கவில்லை. அந்த ஆண்டு நாட்டின் பல இடங்களில் வண்டிகள் எரிந்த பிறகுதான் ஏஐஎஸ் 156 என்ற பேட்டரிப் பாதுகாப்புத் தரம் கடுமையாக்கப்பட்டு, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலுமாக இரண்டு கட்டங்களில் நடைமுறைக்கு வந்தது. பேட்டரி என்று நாம் சொல்லும் பெட்டிக்குள் ஒரே பொருள் இருப்பதில்லை. என் வண்டியில் இருப்பவை 21 மில்லிமீட்டர் விட்டமும் 70 மில்லிமீட்டர் உயரமும் உள்ள சிறு உருளைகள். நூற்றறுபதுக்கும் மேல் இருக்கும். அவற்றில் ஒன்று சூடேறினால் பக்கத்தில் உள்ளது பற்றிக்கொள்ளாமல் தடுப்பதும், அவற்றின் மின்னழுத்தத்தையும் வெப்பத்தையும் ஒரு மின்சுற்று கண்காணிப்பதுமே அந்தத் தரத்தின் சாரம். இருந்தாலும், படுக்கையறைக்குப் பக்கத்திலும் வெளியேறும் ஒரே வழியிலும் சார்ஜ் போடக்கூடாது என்ற மாமியாரின் சட்டம் எந்தத் தரத்துக்கும் குறைந்ததன்று. வெயிலில் ஓட்டிக்கொண்டு வந்ததும் சொருகாமல், அரை மணி நேரம் ஆறவிட்டுச் சொருகுகிறேன். தினமும் 80 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். கடைசி 20 சதவீதம் ஏற எடுத்துக்கொள்ளும் நேரம் எப்படியும் பொறுமையைச் சோதிக்கும்.

இனி ஓட்டத்தைப் பற்றிச் சொல்கிறேன். முதல் நாள் கடை வாசலில் கைப்பிடியைப் பழைய வண்டியில் முறுக்குகிற அளவு முறுக்கினேன். வண்டி என்னை விட்டுவிட்டு முன்னால் போக முயன்றது. நல்லவேளையாக எதிரில் இருந்தது குரோட்டன்ஸ் தொட்டி. பெட்ரோல் எஞ்சினுக்கு இழுவிசை வர அதன் சுழற்சி ஏற வேண்டும். மின் மோட்டாருக்கு நின்ற இடத்திலேயே முழு இழுவிசையும் கிடைத்துவிடுகிறது. ஐந்து ரோடு சிக்னலில் பச்சை விழுந்ததும், பின்னால் இருக்கும் விலையுயர்ந்த மோட்டார் பைக்குகள் கியர் மாற்றிக்கொண்டிருக்கும்போது, சேலை கட்டிய ஆசிரியை ஒருத்தி மேம்பாலத்தின் தூண் வரிசையில் மூன்றாவது தூணைத் தாண்டிப் போய்க்கொண்டிருப்பாள். அந்த அற்ப மகிழ்ச்சியை நான் மறைக்கப் போவதில்லை.

சத்தம் இல்லை என்பது முதல் வாரம் சுகமாகவும் அதன் பிறகு பொறுப்பாகவும் இருக்கிறது. முதல் அக்ரஹாரம் என்னும் தெருவில் நடந்து போகிறவர்கள் காதால்தான் சாலையைப் பார்க்கிறார்கள் என்பதை நான் இதுவரை உணர்ந்ததில்லை. பழைய வண்டியில் வந்தால் திரும்பிப் பார்க்காமலேயே ஓரம் கட்டுவார்கள். இப்போது தோளுக்குப் பக்கத்தில் போகும்வரை யாருக்கும் தெரிவதில்லை. தெருநாய்கள் எழுந்திருப்பதே இல்லை. ஹாரன் அடித்தால் திடுக்கிட்டு நடுச்சாலைக்கு வந்துவிடுகிறார்கள். ஆகவே கூட்டமான தெருக்களில் சைக்கிள் வேகத்தில் போகப் பழகிக்கொண்டேன். இன்னொரு ஆபத்து, வண்டி உயிரோடு இருக்கிறதா இல்லையா என்று அதைப் பார்த்தால் தெரியாது. செப்டம்பரில் ஒரு மாலை வாசலில் நிறுத்திவிட்டுக் காய்கறிப் பையை உள்ளே வைக்கப் போனேன். அக்காவின் ஆறு வயது மகன் முன்பக்கம் ஏறி நின்று கைப்பிடியை முழுமூச்சாக முறுக்கிக்கொண்டிருந்தான். நான் சாவியைத் திருப்ப மறந்திருந்தேன். சைடு ஸ்டாண்டு போட்டிருந்ததால் மோட்டார் இயங்கவில்லை. பெட்ரோல் வண்டியாக இருந்திருந்தால் எஞ்சின் சத்தம் என்னை உள்ளே போகவே விட்டிருக்காது. அன்றிலிருந்து, இறங்குவதற்கு முன் சாவியை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டுதான் காலையே தூக்குகிறேன்.

இப்போது அந்தக் கேள்விக்கு வருகிறேன். விளம்பரத்தில் போட்டிருக்கும் தூரம் ஆய்வகத்தில், வரையறுத்த வேகத்தில், உருளைகளின் மேல் சக்கரத்தைச் சுழலவிட்டு அளப்பது. என் வண்டிக்கு அது 125 கிலோமீட்டர். நான் தனியாக, மணிக்கு 40, 45 கிலோமீட்டர் வேகத்தில், பள்ளிக்குப் போய்வரும்போது ஒரு கிலோமீட்டருக்கு 30 வாட் மணி செலவாகிறது. ஆகவே முழுக் கொள்ளளவான 3,000 வாட் மணியில் சுமார் 100 கிலோமீட்டர். ஓமலூர் நெடுஞ்சாலையில் 65-க்கு மேல் ஓட்டினால் அது 75-க்கு இறங்கிவிடுகிறது. வேகம் கூடக் கூடக் காற்றின் எதிர்ப்பு அதைவிட வேகமாகக் கூடும். டயரில் காற்று குறைந்திருந்த ஒரு வாரம் ஏழெட்டுக் கிலோமீட்டர் காணாமல் போயிற்று. எனக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 28. இரண்டாம் வாரத்துக்குப் பிறகு அந்த எண்ணைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன்.

ஆனாலும் ஒரு மேட்டில் ஏற்றிப் பார்க்காமல் மனம் ஆறவில்லை. சேலத்துக்காரர்களுக்கு மேடு என்றால் ஏற்காடுதான். ஆயுத பூசை விடுமுறைக்குப் பிறகு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணிக்கு, என் கணவரைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு கிளம்பினேன். வண்டியும் நாங்கள் இருவரும் சேர்ந்து 250 கிலோ. கோரிமேடு வழியாக அடிவாரம் வரும்போது பேட்டரி 87 சதவீதம் காட்டியது. அங்கிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள். முதல் பத்து வளைவுகளில் வண்டி முணுமுணுக்கக்கூட இல்லை. எதிரில் இறங்கிவரும் காய்கறி வண்டியின் சத்தமும், சில்வண்டுகளின் ரீங்காரமும், பின்னால் கணவர் சொல்லிக்கொண்டே வந்த சதவீதமும் தெளிவாகக் கேட்டன. பெட்ரோல் வண்டியில் இந்தச் சாலையில் பலமுறை போயிருக்கிறேன். மலைக்கு இப்படி ஒரு சத்தம் உண்டென்று அன்றுதான் தெரிந்தது.

பதினான்காம் வளைவில் திரையில் வெப்பமானியின் சின்னம் ஒன்று மஞ்சளாகத் தோன்றியது. கைப்பிடியை எவ்வளவு முறுக்கினாலும் வேகம் 22-க்கு மேல் ஏறவில்லை. மோட்டார் பின்சக்கரத்துக்குள்ளேயே இருக்கிறது. மெதுவாக, அதிகச் சுமையோடு, நெடுநேரம் ஏறும்போது அதன் சுருள்கள் சூடாகின்றன. எரிந்துபோகாமல் இருக்க வண்டி தானே வலுவைக் குறைத்துக்கொள்கிறது. ஓரமாக நிறுத்தினோம். கால் மணி நேரத்தில் சின்னம் மறைந்தது. அதற்குள் ஒரு குரங்கு எங்கள் பொரி உருண்டைப் பொட்டலத்தில் பாதியை எடுத்துக்கொண்டது. தனியாகப் போகிறவர்களுக்கு இது நேராமல் போகலாம்; இரண்டு பேர் ஏறுகிறவர்கள் ஒரு கால் மணி நேரத்தையும் கொஞ்சம் பொரியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஏரிக்கரை சேர்ந்தபோது 45 சதவீதம் மிச்சமிருந்தது. அங்கே தேநீர்க் கடையில் உட்கார்ந்து பில் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டேன். நிறை 250 கிலோ, ஈர்ப்பு முடுக்கம் 9.8, அடிவாரத்திலிருந்து ஏறிய உயரம் ஏறத்தாழ 1,000 மீட்டர். மூன்றையும் பெருக்கினால் 24,50,000 ஜூல். ஒரு யூனிட் மின்சாரம் என்பது 36,00,000 ஜூல். அதாவது இரண்டு பேரையும் ஒரு வண்டியையும் தரையிலிருந்து ஏற்காட்டின் உயரத்துக்குத் தூக்கிவைக்க முக்கால் யூனிட்டுக்கும் குறைவான மின்சாரம் போதும். சாலை உராய்வும் மோட்டாரின் வெப்பமும் சேர்ந்து அதை ஒன்றேகால் யூனிட் ஆக்கியிருந்தன. இந்தக் கணக்கை எத்தனையோ ஆண்டுகளாக மாணவர்களுக்குச் செங்கல்லையும் கிணற்றையும் வைத்து நடத்தியிருக்கிறேன். இனி வண்டியையும் ஏற்காட்டையும் வைத்து நடத்தலாம். கடைக்காரர் தாளை எட்டிப் பார்த்துவிட்டு, "சார்ஜ் போட்டுக்குங்க மேடம், அம்பது ரூபா கொடுங்க போதும்" என்றார். வேண்டாம் என்றதற்குக் காரணம் உண்டு. இறங்கும்போது கைப்பிடியை விட்டால் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி வண்டியைப் பிடித்து நிறுத்தும், அந்த ஆற்றல் பேட்டரிக்குத் திரும்பும். பேட்டரி நிரம்பியிருந்தால் திரும்பி வருவதற்கு இடம் இல்லாததால் அந்தப் பிடிப்பும் கிடைக்காது. இருபது வளைவுகளையும் வெறும் பிரேக்கை நம்பி இறங்க வேண்டியிருக்கும். அடிவாரம் வந்தபோது 45 என்பது 51 ஆகியிருந்தது. ஓடி ஓடித் தொட்டி நிரம்பிய வண்டியை என் கணவர் இன்னும் நம்பவில்லை. திரை பொய் சொல்கிறது என்கிறார்.

கரண்ட் பில்லைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது, ஏனென்றால் விளம்பரங்கள் இங்கேதான் சாமர்த்தியம் காட்டுகின்றன. கிலோமீட்டருக்கு 25 காசு என்று சொல்கிறார்கள். நம் மின்வாரியத்தின் இருமாதக் கணக்கில் அது அவ்வளவு எளிதில் வராது. எங்கள் வீட்டில் வழக்கமாக 470 யூனிட் ஆகும். வண்டிக்கு இரண்டு மாதத்தில் சார்ஜரின் வீணாகும் வெப்பத்தையும் சேர்த்து 55 யூனிட் கூடுதலாயிற்று. மொத்தம் 525. ஐந்நூறைத் தாண்டியவுடன் இரண்டு விஷயங்கள் நடக்கின்றன. 501-ஆவது யூனிட்டிலிருந்து கட்டணம் 8.55 ரூபாய் ஆகிறது. அதோடு, 101 முதல் 200 வரைக்கான சலுகைக் கட்டணமும் கையை விட்டுப் போகிறது. ஆகவே அந்த 55 யூனிட்டுக்கு நாங்கள் கூடுதலாகக் கட்டியது 650 ரூபாய்க்கு மேல். 1,600 கிலோமீட்டருக்கு அதை வகுத்தால் கிலோமீட்டருக்கு நாற்பது காசுக்குச் சற்று அதிகம். அப்படியும், இதே தூரத்துக்குப் பெட்ரோல் லிட்டர் 101 ரூபாயை ஒட்டிய விலையில் 3,500 ரூபாய்க்கு மேல் ஆகியிருக்கும். கூடுதலாகக் கொடுத்த இருபத்தைந்தாயிரம் ஒன்றரை ஆண்டில் திரும்பிவிடும். எர்த்துக்குக் கொடுத்த 6,500 ரூபாயை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை, அது மாமனாருக்கு நாங்கள் பட்டிருந்த கடன். பில் வந்த அன்றிலிருந்து என் கணவர் ஐந்நூறுக்குள் அடக்கிக் காட்டுவதாகச் சபதம் எடுத்து, ஹீட்டரை அணைத்துவிட்டுப் பச்சைத் தண்ணீரில் குளிக்கிறார். ஐப்பசி மழையில் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பார் என்று பார்க்க வேண்டும்.

குறைகள் சில உண்டு. நம்பர் பலகை வர மூன்று வாரம் ஆயிற்று. ஒவ்வொரு முறை கேட்டபோதும் நாளைக்கு என்றார்கள். மின் வண்டிகளுக்கு உரிய பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்து அழகாகத்தான் இருக்கிறது, காத்திருந்த எரிச்சலைச் சற்றுக் குறைத்தது. இருக்கைக்கு அடியில் சார்ஜரை வைத்தால் டிபன் பாக்ஸுக்கு இடமில்லை. ஆகவே சார்ஜர் தாழ்வாரத்திலேயே தொங்குகிறது. செல்பேசியோடு இணைக்கும் செயலி வாரத்துக்கு ஒருமுறை என்னை மறந்துவிடுகிறது. தீபாவளிக்கு முந்தைய மழையில் பச்சப்பட்டிப் பக்கம் கணுக்கால் அளவு தண்ணீரில் ஓட்டினேன். பேட்டரிப் பெட்டி ஐபி 67 தரம், ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் என்று தெரிந்திருந்தும், மின்சாரத்தின் மேல் உட்கார்ந்து தண்ணீருக்குள் போகிறோம் என்ற நினைப்பில் காலை இருக்கை உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன். ஒன்றும் ஆகவில்லை.

எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர் வண்டியைத் தினமும் நின்று பார்ப்பார். ஏற்காட்டுக் கதையைக் கேட்ட பிறகு தன் மகளுக்கென்று அதே போல ஒன்றுக்கு முன்பணம் கட்டிவிட்டார், போன வெள்ளிக்கிழமை வந்து, "எவ்வளவு ஓடும் டீச்சர்?" என்று கேட்டார். நூறு என்று சொல்லிவிட்டு, வயரிங் அண்ணனைக் கூப்பிட்டு, மூன்று பேருமாக அவர் வீட்டுக்குப் போனோம். பட்டறையில் உருக்கும் அடுப்பின் ஊதுகுழாய் மோட்டாருக்கு மேலே, கரி படிந்த போர்டில் ஒரு பாயிண்ட் இருந்தது. அண்ணன் பையிலிருந்து குண்டு பல்பை எடுத்து ஒரு வயரை ஃபேஸிலும் இன்னொன்றை மேல் துளையிலும் வைத்தார். நாங்கள் மூவரும் பல்பைப் பார்த்துக்கொண்டு நின்றோம். இழைகூடச் சிவக்கவில்லை.